மூடிதானே என்று சொன்னவள் நான்



"டீச்சர், மூணு வாரமா ஒண்ணும் எழுதல்லியே, உடம்புக்கு என்ன?" என்று பலர் போன் பண்ணிக் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. காரணத்தை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாகப் படியுங்கள். கடலுக்குப் போகிறவர்களும், அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களும் கடைசி வரை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

விஷயம் ஒரு இன்ஜின் மூடி. ஃபைபர் வள்ளத்தின் பின்னால் தொங்குகிற அவுட்போர்டு இன்ஜினுக்குத் தலையில் தொப்பி மாதிரி இருக்குமே, அதுதான். இதைப் பற்றியா டீச்சர் இவ்வளவு எழுதப்போகிறார் என்று சிரிக்காதீர்கள். ஜூன் மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கச்சி மகன் ஒரு ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறான். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் இருக்கும் நம் கரையில் ஜூன் மாதக் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் கரை ஏறும்போது பின்னால் வந்த அலை ஒன்று அறைந்து மூடியைத் தட்டிவிட்டது. மூடியைப் பிடித்திருக்கும் கொக்கிப்பூட்டு ஏற்கெனவே தேய்ந்துபோய், நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்களாம். மூடி கவிழ்ந்து கொஞ்ச நேரம் மிதந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வள்ளத்தைக் கரையேற்றுவதா, மூடியைப் பிடிப்பதா? வள்ளத்தைத்தான் பார்த்தார்கள். மூடி போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் வந்தான். "பெரியம்மா, இன்ஜினுக்க மூடி கடல்ல போச்சு. புதுசு வாங்கணும். கொஞ்சம் பைசா தந்தா ரெண்டு மாசத்துல திருப்பித் தாறேன்" என்றான். எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்ன தொகையைக் கேட்டதும், "ஒரு மூடிக்கா இவ்வளவு?" என்றேன். "மூடி இல்லாம இன்ஜின் ஓடாதா?" என்று கேட்டேன். "ஓடும்" என்றான். "அப்பறம் என்ன, மூடிதானே, சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முப்பத்து மூன்று வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள் சொன்ன பதில் இது.

அவனும் வற்புறுத்தவில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மேற்குக் கரைத் தடைக்காலம் 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில்தான் ஃபைபர் வள்ளக்காரன் கையில் நாலு காசு பார்க்க முடியும். மூடிக்காக ஒரு நாளும் சும்மா இருக்க அவனுக்கு மனசில்லை. மறுநாளே தொழிலுக்குப் போனான்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, விடியற்காலை நாலு மணி. வலை வாங்கி முடித்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து கரைக்குத் திரும்புகிறார்கள். அந்த இன்ஜினில், கயிற்றை இழுத்துவிட்டால் தானே சுருட்டிக்கொள்ளும் ஸ்டார்ட்டர் போய் ஒரு வருஷம் ஆகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஃப்ளைவீலில் நேரே கயிற்றைச் சுற்றி இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்வது வழக்கம். ஸ்டார்ட் ஆனதும் மூடியை வைத்து அமுக்குவார்கள். இப்போது மூடி இல்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிற சக்கரம் திறந்தபடி இருக்கிறது.

கூடப் போன பையன், பின்பக்கம் சிக்கியிருந்த ஒரு கயிற்றை எடுக்க இன்ஜினுக்கு மேலே குனிந்திருக்கிறான். தோளில் கிடந்த துவர்த்து நழுவிச் சக்கரத்தில் விழுந்தது. விழுந்த துணியைப் பிடிப்பது கையின் இயல்பு. பிடித்தான். துணியோடு கையும் போனது. வலது கை மோதிர விரலின் நுனி, முதல் கணு வரைக்கும், இன்று அவனுக்கு இல்லை.

துவர்த்தைக் கழுத்தில் சுற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்தப் பையன் யார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நீங்களும் பின்னூட்டத்தில் எழுதாதீர்கள்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "மூடிதானே" என்று நான் சொன்ன வார்த்தைதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. அவனிடமும் சொல்லிவிட்டேன். "நீங்க என்ன டீச்சர் செய்வீங்க, எல்லாரும் அப்பிடித்தானே ஓட்டுகாங்க" என்றான். "எல்லாரும் அப்பிடித்தான்" என்ற அந்தச் சமாதானத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இன்ஜின் மூடி என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். வகுப்பில் நடத்துகிற மாதிரியே சொல்கிறேன்.

ஒன்று, சுற்றுகிற பாகத்திலிருந்து மனிதனைக் காப்பாற்றுகிறது. இதை இனி விளக்க வேண்டாம்.

இரண்டு, உப்புத் தண்ணீரிலிருந்து இன்ஜினைக் காப்பாற்றுகிறது. அவுட்போர்டு இன்ஜின் குளிர்வதற்குக் கடல் தண்ணீரைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது அதற்கென்று இருக்கும் குழாய் வழியே உள்ளே போய் வெளியே வந்துவிடும். வெளியிலிருந்து தெறிக்கிற தண்ணீர் அப்படியில்லை. பிளக் வயரிலும் காயிலிலும் உட்காரும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்று எட்டாம் வகுப்பிலேயே பல்பு எரியவைத்துக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்தால் நடுக்கடலில் இன்ஜின் நிற்கும். ஜூன் மாதக் கடலில் இன்ஜின் நின்றால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும். அதற்குப் பிறகு நடப்பதை உங்களில் கடலுக்குப் போகிறவர்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும்.

மூன்று, இன்ஜினுக்குக் காற்று விடுகிறது. மூடுவதற்கு இருக்கும் பொருள் காற்று விடுகிறது என்றால் வேடிக்கையாக இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். 250 சி.சி. கொள்ளளவுள்ள டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் 250-ஐ 5000-ஆல் பெருக்குங்கள். 12,50,000 கன சென்டிமீட்டர், அதாவது 1250 லிட்டர். இது ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் கொஞ்சம் குறையும். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் குடிதண்ணீர் கேன் இருக்கிறதே, ஏட்டுக் கணக்கில் நிமிடத்துக்கு அறுபது கேனுக்கு மேல் நிறைகிற காற்று. அத்தனையும் மூடி வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். காற்று போகிற வழியில் தண்ணீர் போகக்கூடாது. இதற்காக மூடியின் பின்பக்கம் மேலே ஒரு திறப்பும், அதற்குள்ளே ஒரு தடுப்பும் வைத்திருப்பார்கள். காற்று அந்தத் தடுப்பில் வளைந்து திரும்பி உள்ளே போகும். கூட வந்த தண்ணீர்த் துளி வளைய முடியாமல் கீழே விழுந்து வெளியே வடிந்துவிடும். 

நான்கு, சத்தத்தைக் குறைக்கிறது. பத்து இருபது வருஷம் திறந்த இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் காது என்ன நிலையில் இருக்கிறது என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். நாம் சாதாரணமாகப் பேசினாலும் "என்ன?" என்று இரண்டு தடவை கேட்பார்கள்.

இத்தனை வேலை செய்கிற ஒரு பொருளைத்தான் நான் "மூடிதானே" என்று சொன்னேன்.

விரல் போன பிறகுதான் தேட ஆரம்பித்தோம். கடையில் கேட்டால், மாடல் பழையது, மூடி மட்டும் தனியாக ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கொக்கிப்பூட்டும், அடிப்பக்கத்து ரப்பர் பட்டையும் மட்டும் கிடைத்தன. பிறகு ஆக்கர் கடைகளில் தேடினோம். அங்கே அதே கம்பெனியின் மூடி ஒன்று இருந்தது, ஆனால் வேறு குதிரைத்திறன் கொண்ட இன்ஜினுடையது. வைத்துப் பார்த்தால் உட்காரவில்லை. "பரவாயில்ல, கயிறு போட்டுக் கட்டிரலாம்" என்றார் ஒருவர். கயிறு போட்டுக் கட்டித்தான் முதல் மூடி போனது என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இந்த இடத்தில் நம் கரையில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

முதல் கட்சி, "எதையாவது போட்டு மூடு" கட்சி. நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்துக் கட்டுகிறவர்கள், தார்ப்பாயைச் சுற்றுகிறவர்கள், சாக்குப் போடுகிறவர்கள். இவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். டிரம்மில் காற்றுக்கு வழி இல்லை. காற்று போதாவிட்டால் எண்ணெய் முழுசாக எரியாது. இன்ஜின் புகை விடும், இழுவை குறையும், பிளக் கரி பிடிக்கும். "மண்ணெண்ணெய் சரியில்ல" என்று மண்ணெண்ணெயைத் திட்டுவோம். சரி, ஓட்டை போடலாம் என்று போட்டால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீரும் போகும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற இன்ஜின் இது. எண்ணெய் ஆவி வெளியேற வழியில்லாமல் மூடினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. தார்ப்பாயோ, அதன் ஒரு முனை அவிழ்ந்து சக்கரத்தில் விழுந்தால் அதுவும் ஒரு துவர்த்துதான்.

இரண்டாவது கட்சி, "ஒரிஜினல்தான் போடணும், இல்லாட்டி போடாதே" கட்சி. படித்த நம் பிள்ளைகளில் பலர் இந்தக் கட்சி. வளைகுடாவிலிருந்து என் அண்ணன் மகன் போனில் சொன்னான், "அத்தை, லோக்கல்ல செஞ்சத போடாதீங்க, கம்பெனி சாதனம் வரட்டும்" என்று. கொள்கையாகச் சரிதான். ஒரிஜினல் கிடைக்கிறது, கையில் காசும் இருக்கிறது என்றால் அதைத்தான் வாங்கவேண்டும், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அது வருகிற வரை அவன் எதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவான்? ஒன்றும் போடாமல்தான் ஓட்டுவான். வயிறு காத்திருக்காது. ஆகவே "ஒரிஜினல்தான்" என்ற பேச்சு நடைமுறையில் "மூடியே வேண்டாம்" என்பதில்தான் போய் முடிகிறது. என் பேச்சும் அங்கேதான் போய் முடிந்தது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நம் ஊரிலேயே, ஒழுங்காக, அச்சு எடுத்துச் செய்வது. அதை எனக்குக் காட்டித்தந்தவன் என்னுடைய இன்னொரு மாணவன். 1998-இல் பத்தாம் வகுப்பு. அறிவியலில் 31 மார்க். இன்று ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிற பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் போய், "பழைய மூடி ஏதாவது ஒண்ணு கெடச்சா அதுக்கு மேல ஃபைபர் போட்டு எடுத்துத் தருவியா மக்ளே?" என்று கேட்டேன்.

சிரித்தான். "மூடிக்க மேல ரெசின் போட்டா அது மூடிக்குத் தொப்பி ஆகும் டீச்சர், மூடி ஆகாது" என்றான்.

யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய மூடியின் வெளிப்புறம் எந்த அளவோ, அதுதான் புதியதின் உள்புறமாக வரும். ஒரு மூடியின் கனம் அளவுக்குப் பெரிதாகிவிடும். இன்ஜினில் ஆடும், ரப்பர் பட்டை பொருந்தாது, கொக்கி எட்டாது. கரையில் பலர் இப்படித்தான் செய்து, "லோக்கல் மூடி நிக்காது" என்று பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சரியான முறை, முதலில் பழைய மூடியிலிருந்து அச்சு எடுப்பது. பிறகு அந்த அச்சுக்கு உள்ளே புதிய மூடியைப் போடுவது. அப்போதுதான் வெளி அளவு வெளி அளவாகவே வரும். மேல்பரப்பும் வழவழப்பாக வரும். அதிரசத் துணிக்கும் இட்லித் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு எடுக்க அதே மாடலில் நல்ல மூடி ஒன்று வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், நாலு வருஷமாக எங்கள் வீட்டோடு பேச்சு இல்லாத ஒருவரிடம் இருந்தது. வலைத் தகராறு, பழைய கதை. என் தங்கச்சி மகன் போகமாட்டேன் என்றான். நான் போனேன். வாசலில் நின்றே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையனுக்க விரலப் பத்திக் கேள்விப்பட்டேன் டீச்சர். சனிக்கிழமை கரை ஏறின பொறவு எடுத்துக்கிடுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி மூடி என் வீட்ல இருக்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நம் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு.

சனிக்கிழமை மாலை பட்டறையில் நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரவல் மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மெழுகைப் பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து, ஐந்து தடவை செய்தான். அதற்குமேல் ஒட்டாமல் உரிந்து வருவதற்கு ஒரு திரவம். "இதுல சோம்பேறித்தனம் பட்டா அவருக்க மூடியும் போச்சு, நம்ம அச்சும் போச்சு" என்றான். மூடியின் பின்பக்கம் கைபிடிக்கும் குழிவு இருக்கிறது. ஒரே துண்டாக அச்சு எடுத்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் பிளைவுட் பட்டை வைத்து, இரண்டு பாதியாக, போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி எடுத்தான். சனி இரவு ஒரு பாதி. ஞாயிறு பூசை முடிந்து வந்து மறு பாதி. அவசரம் இல்லையென்றால் ஒரு நாள் முழுக்க விட்டுத்தான் பிரிப்பானாம். எங்களுக்கு அவசரம். இரவு எட்டு மணிக்குப் பிரித்தான். இரவல் மூடி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. இன்னொரு தடவை துடைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தியதைவிடப் பளபளப்பாக இருக்கிறதே என்றார். காப்பி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்காரவைத்தார்.

திங்கட்கிழமை அச்சுக்குள்ளே புதிய மூடி. முதலில் நிறம் கலந்த ஜெல்கோட். பிறகு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் ரெசினில் நனைத்து, உருளையால் காற்றுக்குமிழ் போக அழுத்தி. ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கொக்கி மாட்டுகிற இடத்தில் மட்டும் மேலும் இரண்டு அடுக்கு. எல்லா இடத்திலும் கனமாகப் போட்டால் பலம் என்று நினைக்கிறோம் அல்லவா? அது தப்பு என்றான். கனமான மூடி அலையில் குதித்துக் குதித்துக் கொக்கியை உடைத்துவிடுமாம். காற்று வளைந்து போகிற அந்த உள்தடுப்பை இரவல் மூடியிலிருந்து அளவெடுத்துத் தனித் துண்டாகச் செய்து உள்ளே ஒட்டினான். லோக்கல் மூடி செய்கிற பலர் விட்டுவிடுவது இந்தத் துண்டைத்தான். வெறும் ஓட்டை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கொக்கியையும் ரப்பர் பட்டையையும் செய்ய முயலவில்லை. கடையில் வாங்கிய புதியதைப் போட்டோம். எதைச் செய்யலாம், எதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று தெரிந்திருப்பதும் தொழில்தான்.

பட்டறையில் எனக்கு இருந்த ஒரே வேலை, பாதுகாப்பைப் பார்ப்பது. ரெசினை இறுகவைக்கிற கேட்டலிஸ்டை ஊசி சிரிஞ்சில் அளந்து, நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு என்று, வெயிலுக்கு ஏற்ற மாதிரி கூட்டிக் குறைத்துப் போட்டான். மழை பெய்தபோது கூடத்துக்குள் மாற்றினான். வெப்பநிலை கூடினால் வேதிவினையின் வேகம் கூடும் என்ற பாடத்தில்தான் இவனுக்கு நான் மார்க் குறைத்திருப்பேன். சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்று: கேட்டலிஸ்டையும் கோபால்ட் என்கிற ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் மற்றதைச் சேர்க்கவேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வேலை செய்கிற என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே வாங்குங்கள். மற்றவன் விரலுக்காக மூடி செய்கிறவன் தன் கண்ணைக் கொடுக்கக்கூடாது.

மூடி ஆனதும் ஒரு சோதனை செய்தோம். இது என் யோசனை. இன்ஜினை நிறுத்தி வைத்து, உள்ளே சுற்றிலும் பழைய செய்தித்தாளை வைத்து, மூடியைப் பூட்டி, மேலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் நாலு வாளித் தண்ணீர் அறைந்து ஊற்றினோம். திறந்து பார்த்தால் இடது ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு நனைந்திருந்தது. ரப்பர் பட்டை அங்கே சரியாக உட்காரவில்லை. சரிசெய்து மறுபடி ஊற்றினோம். காகிதம் காய்ந்தபடி இருந்தது. பிறகு ஒரு மெக்கானிக்கை ஏற்றிக் கொண்டுபோய், மூடியோடும் மூடி இல்லாமலும் முழு வேகத்தில் ஓட்டிக் கேட்கச் சொன்னோம். மூடியை எடுத்ததும் இன்ஜின் வேகம் கூடினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கூடவில்லை. சுருள் ஸ்டார்ட்டரையும் அதே கையோடு மாற்றச் சொன்னேன். அதற்கான பணம் என்னுடையது. கடனாக அல்ல.

கம்பெனி மூடிக்கு இது சமமா என்று கேட்டால், இல்லை. கொஞ்சம் எடை கூடுதல். எத்தனை வருஷம் தாங்கும் என்பதைக் கடல்தான் சொல்லும். ஆனால் மூடி செய்யவேண்டிய நாலு வேலையையும் செய்கிறது. செலவு, கடையில் சொன்ன விலையில் பாதிகூட வரவில்லை. அதிலும் பெரும்பகுதி அச்சுக்குத்தான். இதே அச்சில் அடுத்த மூடி போட ரெசினும் மேட்டும் ஒரு நாள் கூலியும்தான் செலவு.

நான் சொல்லவந்த கருத்து இதுதான். அச்சு தனி ஒருவருடைய சொத்தாக இருக்கக்கூடாது. ஊருக்குப் பொதுவாக இருக்கவேண்டும்.

நம் கரையில் ஓடுகிற இன்ஜின்கள் எல்லாம் எண்ணிப் பார்த்தால் நாலைந்து மாடலுக்குள் அடங்கிவிடும். மாடலுக்கு ஒரு அச்சு. நல்ல மூடி வைத்திருக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதை இரவல் தந்தால் போதும். மீனவர் சங்கத்தில் அந்த அச்சுகளை வைத்திருக்கலாம். மூடி போனவன் மறுநாளே வந்து போடவைத்துக்கொள்ளலாம். இது பெரிய கனவு ஒன்றும் இல்லை. 1980-களில் முட்டத்தில் பட்டறை வைத்து, கட்டுமரத்துக்குப் பதிலாகப் பிளைவுட் வள்ளம் கட்டக் கற்றுக்கொண்ட கரை இது. அவுட்போர்டு இன்ஜின் வந்தபோது அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்ட கரை இது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் வரிசையாக வந்து இறங்கின. வள்ளமும் இன்ஜினும் தந்தவர்களுக்கு நன்றி. ஆனால் உடைந்தால் என்ன செய்வது என்பதை யாரும் தந்துவிட்டுப் போக முடியாது. அதை நாம்தான் வைத்துக்கொள்ளவேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. திருவிழா வெடிக்கு நீங்கள் அனுப்புகிற பணத்தை நான் குறைசொல்லவில்லை. அதில் ஒரு பங்கை இந்த வருஷம் அச்சுக்குத் தாருங்கள். அரை மணி நேரத்தில் புகையாகப் போவதில் ஒரு சிறு பகுதி, பல வருஷம் விரல்களைக் காப்பாற்றும்.

அச்சு எடுத்துச் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி ஒரிஜினல் என்று விற்காதீர்கள். நம் ஊரில் செய்தது என்று சொல்லியே விற்றுக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தால் அதற்கே மதிப்பு வரும்.

கடலுக்குப் போகிற என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம். நாளைக்குக் கரை ஏறியதும் மூன்றைப் பாருங்கள். கொக்கிப்பூட்டு தேய்ந்திருக்கிறதா, அடிப்பக்க ரப்பர் கிழிந்திருக்கிறதா, மூடியில் விரிசல் இருக்கிறதா. கொக்கி இப்போதைக்குச் சின்னச் செலவு. மூடியையும் இன்ஜினையும் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள், பூட்டு விட்டாலும் கடலில் போகாது. இன்ஜின் ஓடும்போது தோளிலும் கழுத்திலும் துவர்த்து வேண்டாம். உடைந்த மூடியை ஆக்கர் கடைக்குப் போடாதீர்கள். விரிசலை ஒட்டி, அதிலிருந்து அச்சு எடுக்கலாம்.

விரல் போன பையன் ஆகஸ்ட் கடைசியில் மறுபடி தொழிலுக்குப் போனான். கணவாய் சீசன் அல்லவா, இருக்க மாட்டேன் என்றான். முதல் நாள் போகும்போது என் தங்கச்சி மகன் மூடியைப் பூட்டிவிட்டு, கையால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தானாம். பிறகு அந்தப் பையனும் வந்து இடது கையால் ஒரு தடவை தட்டிப் பார்த்தானாம். தங்கச்சி சொன்னாள்.

யாராவது உங்களிடம் வந்து, "ஓடும், ஆனா ஒரு சாதனம் கொறயுது" என்று பணம் கேட்டால், "ஓடுதுல்ல, பொறவு என்ன" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதற்கு அது என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

எந்தெந்த மாடல் மூடி யார் யாரிடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இரவல் கேட்டு வாசலுக்கு வருவேன், காப்பி தரவேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்